வீட்டுப் பாட்டுப் பெட்டியின் மொழியைப் படிப்பது திருட்டா?

சற்றே நீண்ட பதிவு. மறுக்க விரும்பும் நண்பர்கள் முழுவதையும் படித்தபின் மறுக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற மாதம் ஆய்வாளர் கருத்தரங்கு ஒன்றில் மொழியியலின் கள ஆய்வு முறைகளைப் பற்றிப் பேசினேன். எங்கள் வீட்டிலுள்ள ஒலிபெருக்கிப் பெட்டி எந்த நெறிமுறையில் கட்டளைகளைப் பெறுகிறது என்பதை வெளியிலிருந்தே கவனித்துக் கண்டுபிடித்ததை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னேன். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்று நாம் எல்லோரும் சொல்லும் பின்னோக்குப் பொறியியல்தான் அது. பேசி முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர், "அது அந்தக் கம்பெனியின் சொத்து அல்லவா, அம்மா? கேட்காமல் எடுப்பதற்கு என்ன பெயர்?" என்றார். இன்னொருவர், "திருட்டோ இல்லையோ, இது ரிப்பேர் வேலை, ஆராய்ச்சி ஆகாது" என்றார். அவை சிரித்தது. மறுமொழி சொல்ல எனக்கு நேரம் தரப்படவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். முதல் கூற்று சட்டத்தை அறியாமல் சொல்லப்பட்டது. இரண்டாவது கூற்று நம் துறைகளைத் தலைமுறை தலைமுறையாக அரித்துவரும் நோய்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுனாபட்டியில் எங்கள் வீடு ஓர் அறையும் சமையலறையும் கொண்டது. ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, பிறகு எங்களோடு இங்கே வந்தவர். இரண்டு கண்களிலும் பார்வை மிகவும் மங்கிவிட்டது. அந்தப் பெட்டிதான் அவருக்குப் பாட்டு, பேச்சு, கடிகாரம் எல்லாம். காலை 5 மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதற்குள் எழுந்து குடங்களையும் டிரம்மையும் எடுத்து வைக்கவேண்டும். அவரை எழுப்புவது பெட்டியில் ஒலிக்கும் பாட்டு.

பெட்டியின் மேல் மின்விசை ஒன்றைத் தவிர வேறு பொத்தான் கிடையாது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், வானொலிக்கு மாற்றவும், விழிப்பு நேரம் வைக்கவும் கைப்பேசிச் செயலி வேண்டும். தயாரித்த நிறுவனம் அவ்வகைச் சாதனங்களை விற்பதை நிறுத்தியது. பிறகு செயலியையும் நீக்கியது. புதிய கைப்பேசியில் அதை நிறுவ வழியில்லை. கண்ணாடி விரிந்து, பேட்டரி உப்பிப்போன பழைய கைப்பேசி ஒன்றில் மட்டும் அது எஞ்சியிருந்தது. சேவை எண்ணில் அழைத்துக் கேட்டபோது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பெட்டியில் ஒரு திருகுகூடக் கெடவில்லை. "ஏட்டி, பெட்டி நல்லாத்தான இருக்கு, பொறவு ஏன் செத்துப்போச்சுன்னு சொல்லுதான்?" என்று ஆச்சி கேட்டார். அந்தக் கேள்விக்கு என் முதுகலைப் படிப்பில் விடை இருந்தது.

2010 சனவரியில் அந்தமானில் போவா என்ற மூதாட்டி இறந்தார். அவரோடு அக்கா-போ மொழியைப் பேசத் தெரிந்த கடைசி நாவும் அடங்கியது. அன்விதா அப்பி அவரோடு அமர்ந்து பதிவுசெய்திராவிட்டால் இன்று நமக்குக் கிடைக்கும் சொற்களும் கிடைத்திரா. மனிதரின் மொழியையும் ஒரு பெட்டியின் கட்டளைகளையும் ஒரே தராசில் நிறுத்த மாட்டேன். அது அந்த மூதாட்டிக்கு இழைக்கும் அவமதிப்பு. ஆனால் அந்தத் துறை எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று இங்கும் பொருந்தியது: பேசுபவர் இருக்கும்போதே பதிவு செய். அந்தப் பழைய கைப்பேசிதான் என் பெட்டியோடு பேசத் தெரிந்த கடைசிப் பேச்சாளி. அதன் பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது.

கைப்பேசியிலேயே அதன் வலைப்போக்குவரத்தைப் பதிவுசெய்யும் செயலி ஒன்றை நிறுவினேன். பதிவைக் கணினியில் வயர்ஷார்க் மென்பொருளில் திறந்தேன். கிடைத்தவை 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசைகள். முதல் இரண்டு இரவுகள் ஒன்றும் விளங்கவில்லை. பாட்டை மாற்றினேன், ஒலியைக் கூட்டினேன், எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தேன். எண்கள் எல்லாமே மாறின.

அந்த முட்டுச்சந்திலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவர் தாராவியில் ஆம்ப்ளிஃபையரும் டிவியும் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. ரெண்டை மாத்துனா மெஷின் பொய் சொல்லும்" என்றார். நான் வெட்கிப்போனேன். மொழியியல் மாணவர் முதல் பருவத்தில் படிக்கும் குறைந்த வேறுபாட்டு இணை இதுதானே? 'மரம்', 'மறம்' என்ற இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே ஓர் ஒலி மாறினால் பொருள் மாறுகிறதா என்று பார்த்துத்தானே ஒலியன்களைப் பிரிக்கிறோம்? தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்த எனக்கு வேண்டிய நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அவருக்கு அது அன்றாட வேலை.

ஒரு நோட்டில் இடப்பக்கம் நான் செய்த ஒற்றைச் செயலையும் வலப்பக்கம் வந்த எண்களையும் எழுதினேன். ஒலியளவு 12: வந்தவை 165, 4, 33, 12, 42. ஒலியளவு 13: வந்தவை 165, 4, 33, 13, 41. நான்காம் எண் ஒலியளவு என்பது வெளிப்படை. ஆனால் ஐந்தாம் எண் ஏன் குறைகிறது? இரண்டு வரிசைகளையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். இரண்டுமே 256. செய்தி வழியில் சிதைந்துவிடாதபடி காக்கும் சரிபார்ப்பு எண் அது. தமிழ் படித்தவர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். 'அவன் வந்தான்', 'அவள் வந்தாள்' என்று எழுவாய் மாறும்போது வினைமுற்றின் ஈறும் மாறவேண்டும்; மாறாவிட்டால் வழு. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் பேசும் அந்த இயைபைப் போன்ற ஒன்றை இந்தச் சின்னப் பெட்டியும் எதிர்பார்க்கிறது. கடைசி எண்ணைத் தவறாக வைத்து அனுப்பினால் விடை தராமல் மௌனமாகிவிடுகிறது.

இரண்டாம் எண், தன்னையும் சேர்த்து இனி எத்தனை எண்கள் வரும் என்பதன் கணக்கு என்று கருதினேன். கருதுகோளைச் சோதிக்க நீளமான ஒரு செய்தி தேவைப்பட்டது. விழிப்பு நேரத்தை 5.30க்கு வைத்தேன். வந்தவை 165, 5, 36, 5, 30, 15. கணக்கு பொருந்தியது, கூட்டுத்தொகை இங்கும் 256. அதன்பின் செயலி ஒருபோதும் அனுப்பியிராத வரிசை ஒன்றை நானே ஆக்கினேன்: 165, 5, 36, 4, 45, 1. கணினியிலிருந்து அனுப்பினேன். பெட்டி ஏற்றுக்கொண்டதாக விடை அனுப்பியது. மறுநாள் காலை 4.45க்குப் பாட்டு ஒலித்தது. கேட்டவற்றைத் திருப்பிச் சொல்லும் நிலையைக் கடந்து, கேளாத வாக்கியம் ஒன்றை இலக்கணப்படி ஆக்கி, மறுதரப்பு அதைப் புரிந்துகொண்டால்தான் ஒரு மொழியின் விதி நமக்குப் பிடிபட்டது என்போம். அந்தத் தேர்வில் தேறிய காலை அது. இப்போது லாமிங்டன் சாலையில் வாங்கிய சிறு வைஃபை பலகை ஒன்றில் நான்கு பெரிய பொத்தான்களை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆச்சி தடவிப் பார்த்து அழுத்துகிறார்.

இனி முதல் குற்றச்சாட்டு. நான் எதை எடுத்தேன்? பெட்டி எங்கள் பணத்தில் வாங்கியது. கைப்பேசி எங்களுடையது. அவ்விரண்டும் பேசிக்கொண்டது எங்கள் வீட்டு வைஃபையில். நிறுவனத்தின் நிரலிலிருந்து ஒரு வரியைக்கூட நான் பார்க்கவில்லை; படியெடுக்கவுமில்லை. எங்கள் வீட்டுக்குள் நடந்த உரையாடலைக் கேட்டு, அதன் இலக்கணத்தை எழுதினேன். இலக்கணம் எழுதியவன் மொழியைத் திருடினான் என்று எந்த ஊரிலாவது வழக்கு உண்டா?

நம் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957இல், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 52(1)ஆம் பிரிவில் சில விலக்குகள் சேர்க்கப்பட்டன. நிரலை முறைப்படி கையில் வைத்திருப்பவர், தனித்து எழுதப்படும் வேறொரு நிரல் அதனோடு இயைந்து இயங்குவதற்கு இன்றியமையாத தகவலைப் பெறத் தேவையானவற்றைச் செய்யலாம். அந்தத் தகவல் வேறு வகையில் எளிதில் கிடைக்காததாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு அடுத்த உட்கூறு, நிரலின் இயக்கத்தைக் கவனித்தும் ஆராய்ந்தும் சோதித்தும் அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதை விலக்குக்குள் கொண்டுவருகிறது. இவை பதிப்புரிமை மீறல் ஆகா. தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவு 2012இல் வந்தது. அதுவும்கூட உரிமைகளை மீறும் நோக்கத்தோடு உடைப்பதையே தண்டிக்கிறது. நான் உடைக்கப் பூட்டு எதுவும் அங்கே இல்லை.

"உரிம ஒப்பந்தத்தில் கூடாது என்று எழுதியிருப்பார்களே" என்பர். எழுதியிருப்பார்கள். நாடாளுமன்றம் தந்த விலக்கை, யாரும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் ஒரு பத்தி விழுங்கிவிடலாமா? ஐரோப்பியச் சமூகம் 1991இலேயே தன் மென்பொருள் நெறியாணையில், இயைந்தியங்குவதற்காகத் தந்த விலக்கை மறுக்கும் ஒப்பந்த வரிகள் செல்லாது என்று எழுதிவிட்டது. இங்கே இந்தக் கேள்வியை எழுப்பவேண்டிய இடம் பல்கலைக்கழகம். நாமோ கேள்வி எழுமுன்னே திருட்டு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன்: இது ஆராய்ச்சி ஆகாதாம்.

1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தது எப்படி? சாஞ்சியின் கல்வேலிகளில் இருந்த சிறு சிறு பொறிப்புகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கொடையாளர்கள் தந்த கற்களில் மீண்டும் மீண்டும் வரக்கூடிய சொல் 'தானம்' என்று ஊகித்தார். அந்த ஊகத்தைக் கொண்டு மற்ற எழுத்துகளைச் சோதித்தார். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், பாண்டிய நாட்டுக் குகைகளில் அதே எழுத்தில் இருப்பது தமிழ் என்று காட்டினார். அவர்களுக்கு யாரும் கையேடு தரவில்லை. திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, ஊகித்து, சோதித்து, பிழையைத் திருத்தினர். என் நோட்டிலும் அதே நான்கு படிகள்தான். பொருளின் பெருமையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. முறையில் என்ன வேறுபாடு என்பதை அன்று சிரித்தவர்கள் சொல்லட்டும்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல் கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை பின்னாளில் 'சாம்பா' என்ற மென்பொருளானது. கோப்புகளைப் பகிரும் நெறிமுறை ஒன்றை வலைச் செய்திகளைக் கவனித்தே அவர் கண்டறிந்தார். அந்த முறையை விளக்க அவர் கையாளும் உவமை, மொழி தெரியாமல் பிரெஞ்சுக் காப்பிக் கடையில் அமர்ந்து, யார் என்ன சொன்னால் என்ன வருகிறது என்று பார்த்துப் பார்த்து மொழியைக் கற்பது. கணினி அறிஞர் ஒருவர் தம் வேலையை விளக்க மொழியியலிடம் வருகிறார். மொழியியலாளராகிய நாமோ அவரிடம், "இது எங்கள் வேலை இல்லை, வேறு கதவைத் தட்டுங்கள்" என்கிறோம்.

தொலைவில் போகவேண்டாம். இதைப் படிக்கும் பேராசிரியர்களில் எத்தனை பேரின் ஆய்வேடு பாமினியிலோ வேறொரு பழைய எழுத்துருவிலோ தட்டச்சானது? 1990களில் ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியேற்றம் வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லையேல் திரையில் கிறுக்கல்தான் தெரியும். எந்த எண்ணில் எந்த எழுத்து அமர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டவணை போட்டு, யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். சுரதாவின் 'பொங்குதமிழ்' அவற்றுள் நாம் எல்லோரும் பயன்படுத்திய ஒன்று. உங்கள் ஆய்வேடு இன்றைக்கும் திறக்கிறதென்றால், யாரோ ஒருவர் அனுமதி கேட்காமல் ஓர் அட்டவணை போட்டார் என்று பொருள். அவரைத் திருடர் என்பீர்களா, ரிப்பேர்காரர் என்பீர்களா?

'ரிப்பேர்' என்ற சொல்லை வசையாக்கும் மனம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாமலில்லை. கையால் செய்பவனுக்கு அறிவில்லை, வாயால் சொல்பவனுக்கே அறிவு என்று பிரித்துவைத்த பழைய ஏணி அது. நூலகத்தில் அந்த ஏணியை எதிர்த்துக் கட்டுரை எழுதுகிறோம். கருத்தரங்கில் அதன்மேல் ஏறி நின்று சிரிக்கிறோம். தாராவி அண்ணனின் பட்டறையில் ஒருமுறை தொலைந்துபோன ரிமோட்டுக்கு மாற்று செய்வதைப் பார்த்தேன். பல ரிமோட்டுகள் பயன்படுத்தும் என்இசி நெறிமுறையில் 38 கிலோஹெர்ட்ஸ் அகச்சிவப்புத் துடிப்பு முதலில் 9 மில்லிநொடி நீள்கிறது, பிறகு 4.5 மில்லிநொடி இடைவெளி, அதன்பின் 32 இருமக் குறிகள். ஒவ்வொரு கட்டளையும் ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் வருவதால் பிழையைக் கண்டுகொள்ள முடிகிறது. இவற்றின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. எந்த ரிமோட் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எது எதற்குப் பொருந்தும் என்பதெல்லாம் தெரியும். அந்த வகைப்பாடு அவர் தலைக்குள் இருக்கிறது. நாம் அதை எழுதிவைக்காவிட்டால் அவரோடு போய்விடும். எழுதிவைப்பது ஆராய்ச்சி ஆகாது என்றால் நாட்டாரியல் துறையை என்ன செய்வது?

நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. "கட்டளைகளை வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் பிறர் வீட்டுச் சாதனத்தை இயக்கலாமே?" அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் நான் கண்டது இது: என் பெட்டி கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வைஃபையில் யார் நுழைந்தாலும் அவர் சொற்படி ஆடும். இந்தக் குறையை நிறுவனத்தின் மௌனம் மறைத்தது உரிமையாளர்களாகிய எங்களிடமிருந்து. கெட்ட எண்ணம் கொண்டவனுக்கு இரண்டு இரவுகள் போதும். நெறிமுறையை மூடிவைப்பதும் வீட்டைப் பூட்டுவதும் ஒன்றாகா.

எல்லைகளும் உண்டு, அவற்றை ஏற்கிறேன். 2011இல் ஜேம்ஸ் லேர்ட் என்பவர் ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் சாதனத்துக்குள்ளிருந்தே மறைகுறியாக்கத் திறவுகோலை எடுத்து 'ஷேர்போர்ட்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பல வீடுகளில் பழைய ஒலிச் சாதனங்கள் அதனால் வாழ்ந்தன. ஆயினும் திறவுகோலை எடுப்பதும் திறந்திருந்த பேச்சைக் கேட்பதும் ஒரே செயலாகா. அவற்றின் அறத்தைத் தனித்தனியே விவாதிக்கவேண்டும். நான் பிறர் சாதனத்தைத் தொடவில்லை. பொருள் தெரியாத கட்டளைகளைக் கண்மூடித்தனமாக அனுப்பவுமில்லை. அவற்றில் ஒன்று பெட்டியின் நினைவை அழித்துவிடக்கூடும். இந்த எல்லைகளை வகுப்பில் கற்பிக்கவேண்டாமா? கற்பிக்காமல் விட்டால் மாணவர்கள் அறமில்லாமல் கற்பார்கள், அல்லது அஞ்சி விலகுவார்கள்.

திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற இசைப்பெட்டிகளின் சேவையக மென்பொருள் முதலிலிருந்தே திறந்த மூலமாக இருந்தது. லாஜிடெக் 2012இல் அந்தப் பெட்டிகளைக் கைவிட்டது. 2024இல் இணையச் சேவையையும் மூடியது. பெட்டிகள் இன்றும் பாடுகின்றன, ஏனெனில் அவற்றின் மொழி பயனர்களிடம் இருந்தது. எங்கள் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 சூலையில் நடுவண் நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. அதே ஆண்டு திசம்பர் 24இல் இணையவாசலும் திறந்தது. நல்லது. ஆனால் உதிரிபாகம் கிடைத்தால் மட்டும் போதாது. எங்கள் பெட்டியில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை; பேச்சுத்துணை மட்டுமே போயிற்று. இன்றைய சாதனங்களின் உண்மையான கையேடு அவற்றின் நெறிமுறைதான். அதைக் கேட்கும் குரல் பல்கலைக்கழகங்களிலிருந்து எழவேண்டும்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: ஆய்வு முறையியல் தாளில், மூடிய நெறிமுறைகளைக் கவனித்து எழுதுவதையும் அதன் அறத்தையும் ஓர் அலகாகச் சேருங்கள். இரண்டு: கைவிடப்பட்ட சாதனங்களின் கட்டளை அட்டவணைகளை ஆய்வுத் தரவாக ஏற்று, துறை நூலகங்களில் சேமியுங்கள், தகவல் தந்த பழுதுபார்ப்பவர்களுக்குத் தகவலாளி என்ற மதிப்பையும் நன்றியையும் அதில் எழுதுங்கள். மூன்று: "சட்டச் சிக்கல் வரும்" என்று மாணவர்களை அச்சுறுத்துமுன் 52ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள்.

என் ஆய்வு நண்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பேச்சாளி இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளங்காததையும் மறைக்காமல் எழுதுங்கள்.

என் அட்டவணையில் இதுவரை 23 கட்டளைகள் உள்ளன. 14க்குப் பொருள் தெரியும். மீதி 9 இன்னும் விளங்கவில்லை. அட்டவணையைப் பொதுவில் வைக்கிறேன். அதே பெட்டி உள்ளவர்கள் பார்த்துத் திருத்துங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கருத்தரங்குக்குள் சரிசெய்துவிடுகிறேன்.